பெயர் ஒன்று, வேலை யாருடையது?

மதுரைச் சீமையில் கண்மாயை அறியாத பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். மழைநீர் வரத்துக்கால் வழியே வந்து சேரும். கரை அதைத் தேக்கும். மடையைத் திறந்தால் வயலுக்குப் பாயும். கண்மாய் நிறைந்துவிட்டால் மிச்ச நீர் கலிங்கின் மேல் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். மாடக்குளம் கண்மாய், வண்டியூர்க் கண்மாய் என்று நகரத்தின் ஓரத்திலேயே பெரிய கண்மாய்கள் இருக்கின்றன. கிராமங்களுக்குப் போனால் குடிநீருக்கென்று வெட்டிய ஊருணிகளைக் காணலாம். திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவை யாவும் நீர்நிலைகள்தாம். ஆனாலும், 'நீ நிறைந்தால் என்ன செய்வாய்?' என்று ஒவ்வொன்றையும் கேட்டால் ஒரே விடை கிடைக்குமா? கண்மாய், 'கலிங்கில் வழிய விடுவேன்' என்னும். தெப்பக்குளமோ, 'எனக்கு வரும் வாய்க்காலை அடைத்துவிடுங்கள்' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம்.

கேள்வி ஒன்று, விடை, கேட்கப்படும் பொருளைப் பொறுத்தது. கணினி விஞ்ஞானத்தில் 'பிணைப்பு' என்ற தலைப்பில் நீங்கள் படிப்பது இதைத்தான். நிரலில் ஒரு செயற்கூற்றின் பெயரை எழுதுகிறோம். அந்தப் பெயருக்குரிய வேலை எது என்பதை எப்போது முடிவு செய்வது? நிரலை மொழிபெயர்க்கும்போதே நிரல்பெயர்ப்பி முடிவு செய்துவிட்டால் அது நிலைப் பிணைப்பு. நிரல் ஓடும்போது, எதிரே நிற்கும் பொருள் எது என்று பார்த்து முடிவு செய்தால் அது இயங்குநிலைப் பிணைப்பு.

இந்த இரண்டு வாக்கியங்களை எழுதினால் தேர்வில் இரண்டு மதிப்பெண் கிடைக்கும். இவற்றை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்பது என் கருத்து. இதைப் பாடமாகப் படிக்காமல், ஒரு மணி நேரம் கணினியின் முன் உட்கார்ந்து கண்ணால் காண வேண்டும். அப்படிக் காணாத மாணவனை இது பின்னால் எப்படி ஏமாற்றும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'நீர்நிலை' என்று ஓர் இனக்குழு எழுதுங்கள். அதில் 'நிறைந்தால்' என்று ஒரு செயற்கூறு. மிச்ச நீரை அடுத்த நீர்நிலைக்கு அனுப்புவது அதன் வேலை. பிறகு நீர்நிலையின் மரபுரிமம் பெற்றுத் 'தெப்பக்குளம்' என்று இன்னோர் இனக்குழு. அதிலும் 'நிறைந்தால்' உண்டு. ஆனால் அங்கே அது வாய்க்காலை அடைத்து, மிச்ச நீரை ஆற்றின் பக்கம் திருப்பிவிடும். இனி ஒரு சிறு கற்பனைக் கணக்கு. ஒரு கண்மாயின் கொள்ளளவு 100 அலகு. மழையில் 130 அலகு வருகிறது. ஆக 30 அலகு கலிங்கில் வழிந்து தெப்பக்குளத்தை நோக்கிப் போகும். தெப்பக்குளத்தின் கொள்ளளவு 40. ஏற்கெனவே 25 இருக்கிறது. எனவே 15 அலகைத்தான் அது ஏற்கும். மீதி 15 அலகு ஆற்றுக்குப் போக வேண்டும். தெப்பக்குளத்துக்கு அப்பால் ஓர் ஊருணி இருக்கிறது. அதற்குத் தண்ணீர் ஏதும் வராது.

இதை சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதி, தெப்பக்குளத்தை மட்டும் தனியே உண்டாக்கிச் சோதித்துப் பாருங்கள். வாய்க்காலை அடைக்கிறது, விடை சரி. இப்போது கண்மாய், தெப்பக்குளம், ஊருணி மூன்றையும் 'நீர்நிலையின் சுட்டு' என்ற வகையில் ஒரே வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றாக 'நிறைந்தால்' என்று அழையுங்கள். நிரல்பெயர்ப்பி பிழை எதுவும் காட்டாது. வழக்கமாக எச்சரிக்கையும் வராது. நிரல் ஒழுங்காக ஓடி முடியும். ஆனால் ஊருணிக்கு 15 அலகு தண்ணீர் வந்ததாகத் திரையில் தெரியும்! சற்று முன் தனியே சோதித்தபோது சரியாக நடந்துகொண்ட அதே தெப்பக்குளம், வரிசையில் நின்றவுடன் கண்மாயைப் போல வழிந்துவிட்டது. (சுட்டாக வைக்காமல் பொருளாகவே வரிசையில் வைத்தால் தெப்பக்குளத்துக்கே உரிய பகுதிகள் வெட்டுப்பட்டுப் போகும். அது வேறு வம்பு.)

ஏன் இப்படி? நிரல்பெயர்ப்பி சுட்டின் வகையைப் பார்த்தது. அங்கே 'நீர்நிலை' என்று எழுதியிருந்தது. உடனே நீர்நிலையின் செயற்கூற்றை அந்த இடத்தில் பிணைத்துவிட்டது. சுட்டு காட்டும் இடத்தில் உண்மையில் இருப்பது என்ன என்று அது கேட்கவில்லை. உலகனேரி என்ற பெயரில் ஏரி இருக்கிறது. பெயரை நம்பித் தூண்டிலோடு போகிறவர் அங்கே 2004இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளையைக் காண்பார். நிலைப் பிணைப்பு பெயர்ப்பலகையைப் படித்து முடிவெடுப்பது; இயங்குநிலைப் பிணைப்பு நேரில் போய்ப் பார்த்து முடிவெடுப்பது.

நீர்நிலை இனக்குழுவில் 'நிறைந்தால்' என்பதற்கு முன்னால் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் விடை சரியாகிவிடும். அந்தச் சொல்லைத் தமிழில் 'மெய்நிகர்' என்று பெயர்க்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்ப்பில் திருப்தி இல்லை. மெய்போல் தோன்றுவது, உண்மையில் இல்லாதது என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. இந்தச் செயற்கூறோ முழுக்க முழுக்க மெய்யானது. வாரிசுகள் மாற்றிக்கொள்ள உரிமை தரப்பட்டது, அவ்வளவுதான். 'மாற்றத்தக்கது' என்றே சொல்லியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். மூலச் சொல்லே இப்படிப்பட்டதுதான் என்பதால் மொழிபெயர்த்தவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

அந்த மூலச் சொல் நார்வே நாட்டிலிருந்து வந்தது. ஆஸ்லோ நகரிலுள்ள நார்வே கணினி மையத்தில் ஓலே-யோகான் டால், கிரிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியில் இனக்குழு, மரபுரிமம், மெய்நிகர்ச் செயற்கூறு மூன்றும் இடம்பெற்றன. பெயர் சொல்வதுபோல அந்த மொழி, உலக நடப்புகளைக் கணினியில் நடித்துப் பார்ப்பதற்காகப் பிறந்தது. நம்முடைய கண்மாய்க் கணக்கும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே. அவர்கள் இருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது கிடைத்தது.

பிறகு டென்மார்க் நாட்டவரான பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் வருகிறார். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது அவர் சிமுலாவில் ஒரு நிரல் எழுதினார். எழுதுவதற்கு இன்பமாக இருந்தது. ஓட்டினால் ஆமை வேகம். கடைசியில் அதை பி.சி.பி.எல். என்ற கீழ்மட்ட மொழியில் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. இந்தச் சூடு அவர் மறக்காத சூடு. 1979இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அவர் சி மொழியோடு இனக்குழுக்களைச் சேர்க்கத் தொடங்கினார். 1983இல் அந்த மொழிக்கு சி பிளஸ் பிளஸ் என்று பெயர் வந்தது. மெய்நிகர்ச் செயற்கூறுகளும் அப்போதுதான் அதில் புகுந்தன. பயன்படுத்தாத வசதிக்கு யாரும் விலை கொடுக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அதனால்தான் அந்த மொழியில் கேட்டால் மட்டுமே இயங்குநிலைப் பிணைப்பு கிடைக்கும். கேட்காவிட்டால் நிலைப் பிணைப்பு.

விலை என்றேனே, அது எவ்வளவு? மெய்நிகர்ச் செயற்கூறு உள்ள ஒவ்வோர் இனக்குழுவுக்கும் நிரல்பெயர்ப்பி ஓர் அட்டவணை தயாரிக்கிறது. எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்பது அதில் இருக்கும். அந்த இனக்குழுவில் பிறக்கும் ஒவ்வொரு பொருளும் அட்டவணையின் முகவரியைத் தன்னோடு வைத்திருக்கும். 64 பிட் கணினியில் இதற்குப் பொருளுக்கு 8 பைட் செலவு. அழைப்பு வரும்போது பொருளிடமிருந்து அட்டவணையின் முகவரியை எடுத்து, அட்டவணையிலிருந்து செயற்கூற்றின் முகவரியை எடுத்து, அங்கே தாவ வேண்டும். அதாவது இரண்டு படிகள் அதிகம். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. எந்தச் செயற்கூறு என்று முன்பே தெரிந்தால், நிரல்பெயர்ப்பி அதன் வரிகளை அழைக்கும் இடத்திலேயே விரித்து எழுதிவிடும், தாவவே வேண்டியதில்லை. முன்பே தெரியாதபோது பெரும்பாலும் அது முடிவதில்லை. கோடிக்கணக்கான முறை சுழலும் கணக்கில் இது உறைக்கும். மூன்று நீர்நிலைகளுக்கு உறைக்குமா?

இந்த விலைக்கு நாம் பெறுவது என்ன என்பதைத்தான் பாடங்கள் சரியாகச் சொல்வதில்லை. நாய் குரைக்கும், பூனை கத்தும், இரண்டுக்கும் 'ஒலி எழுப்பு' என்று ஒரே பெயர் என்று உதாரணம் காட்டி முடித்துவிடுகிறார்கள். படிக்கும் மாணவன், 'இதனால் என்ன லாபம்?' என்று மனத்துக்குள் கேட்டுவிட்டு மறந்துவிடுகிறான். லாபம் இதுதான்: நீர்நிலைகளை வரிசையாக அழைக்கும் அந்தச் சுழற்சியை நீங்கள் ஆனி மாதத்தில் எழுதி முடிக்கிறீர்கள். ஐப்பசியில் உங்கள் தோழி 'பண்ணைக்குட்டை' என்று புதிய இனக்குழு ஒன்றை எழுதி வரிசையில் சேர்க்கிறாள். உங்கள் சுழற்சியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். ஆனியில் எழுதிய வரி, ஐப்பசியில் பிறந்த செயற்கூற்றைத் தேடிப் பிடித்து அழைக்கும். பழையது புதியதை அழைக்கிறது! எழுதியவருக்குத் தெரியாத ஒன்றை அவர் எழுதியது சரியாகக் கையாளுகிறது. இது இல்லாவிட்டால், 'இது தெப்பக்குளமா? ஊருணியா? பண்ணைக்குட்டையா?' என்று ஒவ்வொரு சுழற்சியிலும் கேள்வி வரிசை எழுதி, புதிது வரும்தோறும் எல்லா இடத்திலும் திருத்திக்கொண்டிருக்க வேண்டும்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும்போது எந்த நிறப் பட்டு உடுத்தி வருவாரோ என்று ஊரே காத்திருக்கும். கடைசி நேரத்தில்தான் தெரியும் என்பதால் இதையே இயங்குநிலைப் பிணைப்புக்கு உவமையாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். நான் சொல்ல மாட்டேன். இயங்குநிலைப் பிணைப்பில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. தெப்பக்குளம் எத்தனை முறை கேட்டாலும் வாய்க்காலைத்தான் அடைக்கும். நமக்கு முன்பே தெரியாதது, வரிசையில் அடுத்து நிற்பது எது என்பது மட்டுமே.

இனி என் முதன்மையான வழக்குக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் வந்த புதிய பாடத்திட்டம், பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ் மொழியை வைத்தது. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் மொழி வந்தது. இரண்டும் நல்ல மொழிகள். ஆனால் பிணைப்பைப் பொறுத்தவரை இரண்டும் இரு வேறு உலகங்கள். பைத்தானில் 'மெய்நிகர்' என்ற சொல்லே தேவையில்லை. பொருளின் செயற்கூறு எதுவாக இருந்தாலும் ஓடும்போது தேடித்தான் பிடிக்கப்படும். நம் தெப்பக்குளக் கணக்கை அப்படியே பைத்தானில் எழுதினால் ஊருணிக்கு நீர் வராது. முந்தைய ஆண்டு படித்த மொழியில், மெய்நிகர் என்று சேர்க்காமல் எழுதினால் 15 அலகு வரும். ஒரே இனக்குழுக்கள், ஒரே பெயர்கள், ஒரே கணக்கு, விடைகள் இரண்டு! ஒரு கோடை விடுமுறையில் இந்த எல்லையைத் தாண்டி வரும் மாணவனிடம், 'தம்பி, இங்கே சட்டம் வேறு' என்று ஒருவர் சொல்ல வேண்டாமா? சொல்லாவிட்டால் பைத்தானின் பழக்கத்தோடு கல்லூரிக்குப் போய் மீண்டும் சி பிளஸ் பிளஸ் எழுதும்போது அவன் நிரல் பிழையின்றி ஓடும். விடை மட்டும் தப்பாக வரும். பிழை காட்டி நின்றுவிடும் நிரலைத் திருத்துவது எளிது. நின்று சொல்லாமல் தப்பான விடையைத் தரும் நிரல்தான் ஆபத்தானது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே பேசிவிட வேண்டும். பணிமிகுப்பு, மேலெழுதுதல் இரண்டையும் 'பல்லுருவாக்கம்' என்ற ஒரே குடையின் கீழ் இரட்டைப் பிள்ளைகளைப்போல நிறுத்துகிறார்கள். இவை இரட்டையர் அல்லர் என்று நான் உறுதியாகச் சொல்வேன். 'படி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'பாடம் படி' என்றால் ஒரு பொருள். 'மாடிப்படி' என்றால் வேறு பொருள். பக்கத்துச் சொல்லைப் பார்த்ததுமே பொருள் தெரிந்துவிடுகிறது. மாடிக்கு ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. பணிமிகுப்பு அப்படிப்பட்டது. பெயர் ஒன்றானாலும் செயற்கூறுகள் வெவ்வேறு. எது என்பதை அளபுருக்களின் எழுதப்பட்ட வகையைப் பார்த்து நிரல்பெயர்ப்பியே தீர்மானித்துவிடும்.

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. ஜாவா மொழி தெரிந்த அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஜாவாவில் பொருளின் செயற்கூறுகள் வழக்கமாக இயங்குநிலைப் பிணைப்புக்கே உட்பட்டவை. அங்கே 'அறிக்கை' என்ற பெயரில் இரண்டு செயற்கூறுகள் எழுதுங்கள்: ஒன்று நீர்நிலையை ஏற்பது, மற்றொன்று தெப்பக்குளத்தை ஏற்பது. 'நீர்நிலை' என்று வகை எழுதிய ஒரு மாறியில் தெப்பக்குளத்தை வைத்து, அந்த மாறியை 'அறிக்கை'யிடம் கொடுத்தால் எது ஓடும்? நீர்நிலைக்குரியதே ஓடும். அதே மாறியை 'நிறைந்தால்' என்று அழைத்தால் தெப்பக்குளத்தினுடையது ஓடும். ஒரே மாறி, ஒரே பொருள், அடுத்தடுத்த இரண்டு வரிகள். ஒன்றில் பெயர்ப்பலகை வென்றது, மற்றொன்றில் நேரில் இருப்பது வென்றது. ஆசிரியர்கள் வினாத்தாளில் இலக்கணம் கேட்பதற்குப் பதில் இந்த ஒரு வினாவைக் கேட்கலாம். மனப்பாடம் செய்தவர் யார், புரிந்துகொண்டவர் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் இயங்குநிலையாகவே வைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஜாவா 1995இல் வெளிவந்தபோது ஏறக்குறைய அந்த முடிவைத்தான் எடுத்தது. 2000இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த சி ஷார்ப், ஜாவாவைப் பார்த்த பிறகும், வேண்டுமென்றே பழைய வழிக்குத் திரும்பியது. அதில் வாரிசு மாற்றலாம் என்று மூத்த இனக்குழு எழுதி அனுமதிக்க வேண்டும், மாற்றுகிறேன் என்று இளைய இனக்குழுவும் எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். இது வேகத்துக்காக மட்டும் செய்த ஏற்பாடன்று. ஒரு சிறு தமிழ் உதாரணத்தால் காரணத்தைக் காட்டுகிறேன்.

பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008இல் வந்ததிலிருந்து பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். நீர்நிலை, தெப்பக்குளம் என்று இக்கட்டுரையில் உள்ளவாறே தட்டெழுதிப் பாருங்கள், ஓடும். இப்போது தெப்பக்குளம் இனக்குழுவில் வல்லின றகரத்தை விட்டுவிட்டு இடையின ரகரத்தைப் போட்டு 'நிரைந்தால்' என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். பைத்தான் சுழிக்காது. 'நிரைந்தால்' என்பது ஏதோ புதிய செயற்கூறு என்று எண்ணிக்கொள்ளும். 'நிறைந்தால்' என்று அழைப்பு வந்தால், தெப்பக்குளத்தில் அந்தப் பெயர் இல்லாததால் மூத்ததான நீர்நிலையிடம் போய் அதன் செயற்கூற்றை எடுத்து ஓட்டும். ஊருணிக்குப் பழையபடி 15 அலகு! சி பிளஸ் பிளஸ் மொழியில் மெய்நிகர் என்று சேர்த்திருந்தாலும் இதே கதிதான். இதற்காகவே ஜாவாவில் 2004இலும், சி பிளஸ் பிளஸ் மொழியில் 2011இலும் 'இது மூத்ததை மேலெழுதுகிறது' என்று அறிவிக்கும் ஒரு குறி சேர்க்கப்பட்டது. அதைப் போட்டுவிட்டால், மூத்த இனக்குழுவில் அந்தப் பெயர் இல்லையென்றால் நிரல்பெயர்ப்பி அங்கேயே நிறுத்திவிடும். பைத்தானிலும் 2023இல், 3.12ஆம் பதிப்பில், அப்படியொரு குறி வந்தது. ஆனால் தனியாகச் சரிபார்ப்புக் கருவி ஒன்றை ஓட்டினால்தான் அது பயன் தரும்.

கண்மாயில் கலிங்கின் உயரம் கட்டுகிற அன்றே கல்லில் முடிவாகிவிடுகிறது. மடையை எப்போது, எவ்வளவு திறப்பது என்பதை அன்றன்றைக்கு நீர்பாய்ச்சுகிறவர் பார்த்து முடிவு செய்கிறார். கலிங்கையும் தினந்தோறும் ஆள் வைத்து உயர்த்தித் தாழ்த்துவோம் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே, முதலில் படிக்கும் மாணவர்களுக்கு இயங்குநிலைப் பிணைப்பையே இயல்பானதாகக் காட்ட வேண்டும், பொருள்நோக்கு நிரலாக்கத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று நான் கருதினாலும், நிலைப் பிணைப்பைப் பழைய சரக்கு என்று ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். மாறவே கூடாது என்று நாம் உறுதியாக அறிந்த ஒன்றை மாறாதபடி கட்டிவைப்பதும் நிரலரின் கடமையே.

இதற்காகப் பாடநூலில் புதிய அத்தியாயம் எதுவும் வேண்டாம். இருக்கும் சுமையே போதும். பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில் ஆய்வக வகுப்பு ஒன்றை ஒதுக்கினால் போதுமானது. மூன்று கோப்புகள்: மெய்நிகர் இல்லாத சி பிளஸ் பிளஸ், மெய்நிகர் சேர்த்த சி பிளஸ் பிளஸ், பைத்தான். மூன்றிலும் அதே கண்மாய், அதே தெப்பக்குளம், அதே ஊருணி. ஓட்டுவதற்கு முன் ஊருணிக்கு எத்தனை அலகு வரும் என்று மூன்று விடைகளையும் காகிதத்தில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டுங்கள். திரையில் 15, 0, 0 என்று வர வேண்டும். காகிதத்தில் வேறு எண்கள் இருந்தால், நான்காவதாக அந்த ரகரக் கோப்பை எழுதுவதற்கு முன் முதல் கோப்பை மறுபடி வரி வரியாகப் படியுங்கள்.